ஃபர்ரிகளைப் பற்றிய ஆவணப்படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

டொராண்டோவில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. 15 வயது மகள் ஓநாய் முகம் கொண்ட ஒரு பாத்திரத்தை நோட்டு நோட்டாக வரைந்து தள்ளுகிறாள். தன்னை ஃபர்ரி, அதாவது விலங்குப் பாத்திரங்களின் ரசிகை, என்று சொல்லிக்கொள்கிறாள். உறவினர் ஒருவர் அனுப்பிய காணொளியில், ஃபர்ரிகள் பள்ளியில் மலம் கழிக்கப் பூனை மணல் (வீட்டுப் பூனைகள் மலம் கழிப்பதற்காகப் பெட்டியில் போட்டு வைக்கும் மணல்) கேட்கிறார்கள், இவர்களெல்லாம் பாலியல் வக்கிரம் பிடித்தவர்கள் என்றெல்லாம் இருந்ததாம். பதறிப்போய் தேடியபோது கிடைத்த ஆவணப்படம் ஒன்றில் எல்லோரும் தங்கமானவர்களாகத் தெரிந்தார்களாம். எதை நம்புவது என்று கேட்கிறார்.

சகோதரி, முதலில் பயத்தைத் தணிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பூனை மணல் கதை முழுப் பொய். பாலியல் பற்றிய பேச்சில் ஒரு பகுதி உண்மை உண்டு. அந்தப் பகுதியை எடுத்து முழுச் சமூகமும் அதுதான் என்று ஊதிப் பெருக்கியது 2001 முதல் 2003 வரை வந்த சில பத்திரிகை, தொலைக்காட்சிப் படைப்புகள். ஆவணப்படங்களைப் பொறுத்தவரை, அவை சொல்லும் பொய்யைவிட அவை காட்டாமல் விடுவதுதான் பெரிய பிரச்சினை என்பது என் கருத்து. கேமராவுக்கு எது சுலபமாக அகப்படுகிறதோ அதுவே அந்தச் சமூகமாகிவிடுகிறது.

ஃபர்ரி என்றால் மனிதக் குணம் ஏற்றப்பட்ட விலங்குப் பாத்திரங்களின் ரசிகர். இரண்டு காலில் நடக்கும் நரி, பேசும் முயல், கவலைப்படும் ஓநாய். அமெரிக்காவில் 1980களில் அறிவியல் புனைகதை மாநாடுகளில் ஓவியங்களைப் பரிமாறிக்கொண்டவர்கள், கார்ட்டூன் ரசிகர்கள், ஜப்பானிய அனிமே ரசிகர்கள் எல்லாரும் கலந்து உருவான கூட்டம் இது. மார்க் மெர்லினோ 1977இல் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவின் முதல் அனிமே ரசிகர் மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவரும் ராட் ஓரைலியும் சேர்ந்து 1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசா நகரில் கான்ஃபரன்ஸ் என்ற முதல் ஃபர்ரி மாநாட்டை நடத்தினார்கள். வந்தவர்கள் 65 பேர். இன்று பிட்ஸ்பர்கில் ஆண்டுதோறும் நடக்கும் ஆந்த்ரோகான் மாநாட்டுக்கு 2024இல் 17,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

ஒவ்வொருவரும் தனக்கென ஒரு விலங்குப் பாத்திரத்தைக் கற்பித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஃபர்சோனா. உங்கள் மகள் வரைகிற ஓநாய் அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பாத்திரத்தை ஓவியரிடம் காசு கொடுத்து வரையச் சொல்வதை கமிஷன் என்பார்கள். அந்தப் பாத்திரமாகவே உடுத்திக்கொள்ளும் ரோம உடை ஃபர்சூட். ஒரு முழு ஃபர்சூட்டின் விலை சில ஆயிரம் அமெரிக்க டாலர். தலை, கை, கால், வால் எல்லாம் ஒருவரது அளவுக்கே கையால் செய்ய வேண்டும். நல்ல தயாரிப்பாளரிடம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஃபர்ரிகளில் முழு உடை வைத்திருப்பவர்கள் சிறுபான்மையினரே. பெரும்பாலானோர் மேசையில் உட்கார்ந்து வரைகிறார்கள், எழுதுகிறார்கள், பிறர் வரைந்ததைப் பார்த்து ரசிக்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள்.

இப்போது ஒரு ஆவணப்பட இயக்குநரின் இடத்திலிருந்து பாருங்கள். மாநாட்டுக்குள் கேமராவோடு நுழைகிறார். ஒரு பக்கம் ஓவியர்கள் மேசை போட்டு உட்கார்ந்து தலை நிமிராமல் வரைந்துகொண்டிருக்கிறார்கள். மறுபக்கம் ஏழடி உயர நீல நிற டிராகன் ஒன்று கையசைத்துக்கொண்டு வருகிறது. கேமரா எந்தப் பக்கம் திரும்பும்? அவர் கெட்ட எண்ணத்தோடு வந்திருக்க வேண்டியதே இல்லை. டிராகனை நாற்பது நிமிடம், ஓவியரை இரண்டு நிமிடம் காட்டினால் போதும், ஃபர்ரி என்றால் உடை என்றாகிவிடும். உடை என்றாகிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: ‘இவர்கள் தங்களை விலங்கு என்றே நினைக்கிறார்களா?’ நெல்லைச் சீமையில் புலி வேஷம் கட்டி ஆடுகிறவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. வேஷம் கலைந்ததும் அவர் டீக்கடையில் நிற்பதை ஊரே பார்க்கிறது.

ஃபர்ரி மாநாடுகளில் வேஷம் கலைகிற இடத்தைக் கேமரா பார்ப்பதில்லை. ஃபர்சூட் போட்டவர்கள் உள்ளே வெந்துபோவார்கள். அதனால் பெரிய மாநாடுகளில் அவர்களுக்கென ஓர் ஓய்வறை இருக்கும்: தலைகளைக் கழற்றி வைக்க இடம், பெரிய மின்விசிறிகள், குடம் குடமாகத் தண்ணீர். வியர்த்து வழியும் கணினிப் பொறியாளரும் கல்லூரி மாணவியும் அங்கே உட்கார்ந்து அலுவலகக் கதை பேசுவார்கள். அந்த அறையில் படம் எடுக்கத் தடை. தடை நியாயமானது. ஃபர்ரி என்று தெரிந்தால் வேலை இடத்திலும் பள்ளியிலும் கேலிக்கு ஆளாவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். இவர்கள் சாதாரண மனிதர்கள் என்பது பளிச்சென்று தெரியும் ஓர் அறை உண்டென்றால் அது இதுதான். படங்களில் அது அநேகமாக வராது.

இனி அந்த மூன்று வருடங்களுக்கு வருகிறேன். 2001 மார்ச்சில் அமெரிக்காவின் வேனிட்டி ஃபேர் இதழ் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. பஞ்சு பொம்மைகள் மீது பாலியல் ஈர்ப்பு கொண்ட சிலரையும் ஃபர்ரி ரசிகர்களையும் அது ஒரே தட்டில் வைத்தது. 2002இல் எம்டிவி தொலைக்காட்சி அதே கோணத்தில் ஒரு ஆவண நிகழ்ச்சி செய்தது. 2003 அக்டோபரில் சிஎஸ்ஐ துப்பறியும் தொடரின் ஒரு பகுதி ஃபர்ரி மாநாட்டைச் சுற்றிய மரணக் கதையாக வந்தது. சிஎஸ்ஐ அப்போது அமெரிக்காவிலேயே மிக அதிகம் பேர் பார்த்த தொடர்களில் ஒன்று. ஃபர்ரி என்ற சொல்லையே அதற்கு முன் கேட்டிராத பல லட்சம் வீடுகளுக்கு அறிமுகம் இப்படித்தான் நிகழ்ந்தது: ரோம உடைக்குள் மறைந்துகொண்டு காமக் களியாட்டம் நடத்தும் கூட்டம்.

இதில் உண்மை எவ்வளவு? ஃபர்ரி சமூகத்தில் வயது வந்தோருக்கான ஓவியங்கள் உண்டு, அவற்றை விரும்புபவர்கள் நிறையவே உண்டு. இதை மறைப்பவர் உங்களிடம் நேர்மையாகப் பேசவில்லை. சமூகத்தில் பெரும்பான்மையினர் இளைஞர்கள். ஒருபால் ஈர்ப்பு, இருபால் ஈர்ப்பு கொண்டவர்களும் திருநர்களும் வேறு பெரும்பாலான ரசிகர் கூட்டங்களைவிட இங்கே மிக அதிகம். இளைஞர்கள் கூடும் எந்த இடத்திலும் காமம் பேச்சில் இருக்கும், ஓவியத்திலும் இருக்கும். ஃபர்சூட்டைப் பொறுத்தவரை சிஎஸ்ஐ காட்டியது நடைமுறைக்கே ஒவ்வாதது. சில ஆயிரம் டாலர் கொடுத்துச் செய்த உடை அது, உள்ளே மூச்சு முட்டும், துவைப்பதே பெரிய பாடு.

மனநல நோக்கில் இவர்களை ஆராய்ந்தவர்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டி கம்யூனிட்டி கல்லூரி உளவியலாளர் கேத்லீன் கெர்பாசி 2006இல் ஆந்த்ரோகானுக்கு வந்தவர்களிடம் ஆய்வு நடத்தி 2008இல் கட்டுரை வெளியிட்டார். ஊடகங்கள் சொன்ன கட்டுக்கதைகள் தேறுகின்றனவா என்று பார்ப்பதும் அதன் நோக்கம், பல தேறவில்லை. அதே கட்டுரை, தன்னை முழு மனிதனாக உணராத ஒரு பிரிவினருக்குக் கோளாறு என்ற பெயரைச் சூட்டிப் பார்த்தது. அதற்குக் கல்வித் துறைக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. பின்னர் கோர்ட்னி பிளாண்ட், ஷாரன் ராபர்ட்ஸ், ஸ்டீவன் ரெய்சன் ஆகியோரும் சேர்ந்து உருவான ஆய்வுக் குழு, ஃபர்சயின்ஸ் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஃபர்ரிகளிடம் கருத்துக் கேட்டு வருகிறது. ஒரு கண்டுபிடிப்பை உங்களைப் போன்ற பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பதின்ம வயதில் சக மாணவர்களின் கொடுமைக்கு ஆளானதாகச் சொல்லும் ஃபர்ரிகளின் விகிதம், மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பெரும்பாலான ஃபர்ரிகள் தங்களை மனிதர்கள் என்றுதான் சொல்கிறார்கள் என்பதையும் இந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

அந்தச் சித்திரிப்புகளின் விளைவு, 2014 டிசம்பர் 7 விடியற்காலை நடந்த ஒரு சம்பவம் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதில் தெரிந்தது. சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரோஸ்மாண்ட் என்ற ஊரில், ஹயாத் ரீஜன்சி விடுதியில் மிட்வெஸ்ட் ஃபர்ஃபெஸ்ட் மாநாடு. மாடிப்படிப் பகுதியில் யாரோ குளோரின் பொடியைப் போட்டுவிட்டார்கள். நள்ளிரவுக்குப் பின் வாயு பரவ, ஆயிரக்கணக்கானோர் குளிரில் வெளியேற்றப்பட்டார்கள். 19 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். திட்டமிட்ட செயல் என்றே காவல்துறை விசாரித்தது. அது ஒரு பொது விடுதியில் நடந்த ரசாயனத் தாக்குதல்.

மறுநாள் காலை எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வாசிக்கப்பட்டபோது, ஃபர்ரி என்றால் என்னவென்று புரிந்துகொண்ட தொகுப்பாளர் மிக்கா பிரெசின்ஸ்கி சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கையை விட்டு எழுந்து ஓடினார். அந்தக் காட்சி இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. 19 பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்த செய்தி அது. வேறு எந்த மாநாட்டில் இது நடந்திருந்தாலும் தேசமே அதிர்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு கூட்டத்தைக் கேலிப்பொருளாகவே காட்டிவந்தால், அவர்கள் மீது விஷவாயு வீசப்பட்டாலும் பார்ப்பவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் யாரும் அதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

ஊடகத்தின் மீதான இந்த அச்சம் சமூகத்துக்குள் என்ன செய்தது என்பதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற பகுதி. ஆந்த்ரோகானின் தலைவர் சாமுவேல் கான்வே, சமூகத்துக்குள் அங்கிள் கேஜ் என்று அறியப்பட்டவர். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், மேடையில் பிரமாதமாகப் பேசுவார். ஊடகத்தை எப்படிக் கையாள்வது என்று மாநாடு மாநாடாகப் போய் வகுப்பெடுத்தவர் அவர். அவருடைய அறிவுரை: பரபரப்புக்காக வருபவர்களை உள்ளே விடாதீர்கள், அனுமதி பெற்ற நிருபரோடு ஒருவர் கூடவே போகட்டும், தெரியாத விஷயத்தைப் பேசாதீர்கள். 2006இல் ஆந்த்ரோகான் பிட்ஸ்பர்குக்கு வந்த பிறகு இந்த அணுகுமுறை நன்றாகவே பலித்தது. உள்ளூர்ச் செய்தியாளர்கள், விடுதி நிறைகிறது, உணவகங்கள் நிறைகின்றன, விலங்கு நலத் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். ஃபர்சூட் அணிவகுப்பை நகரத்து மக்கள் குழந்தைகளோடு வந்து தெருவோரம் நின்று பார்க்கிறார்கள்.

ஆனால் கதவை இறுக்கமாகச் சாத்தியதற்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் காட்டிய படம் 2016இல் வந்த ‘ஃபர்சோனாஸ்’. இயக்குநர் டொமினிக் ரோட்ரிக்ஸ் தானே ஒரு ஃபர்ரி. வெளியாள் எடுத்திருந்தால் கேலியாகியிருக்கும். விளம்பரம் செய்ய நினைத்தவர் எடுத்திருந்தால் இனித்திருக்கும். இவர் இரண்டையும் செய்யவில்லை. தன் பெயரையே பூமர் த டாக் என்று சட்டப்படி மாற்றிக்கொள்ள 2010இல் நீதிமன்றம் போய்த் தோற்ற மனிதரை, சமூகமே தர்மசங்கடத்தோடு பார்க்கும் அவரை, இவர் மரியாதையோடு உட்காரவைத்துப் பேசவிட்டார். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தன் பாலியல் வாழ்வைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிய பெண்ணைச் சமூகமே எப்படி ஒதுக்கியது என்பதையும் கேட்டுப் பதிவுசெய்தார். அங்கிள் கேஜின் கட்டுப்பாட்டையும் நேருக்கு நேர் கேள்விக்கு உட்படுத்தினார். வெளியுலகம் நம்மை ஒரே அச்சில் வார்த்தது என்று வருந்துகிற நாமும், நமக்குள் அழகாக இருப்பவர்களை மட்டும் முன்னே நிறுத்தி மற்றவர்களை ஒளித்து வைக்கிறோமா? படம் முழுக்க இந்தக் கேள்வி ஓடுகிறது. பல ஃபர்ரிகளுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. என் பார்வையில் இந்தச் சமூகத்தைப் பற்றி வந்தவற்றில் நேர்மையான படம் இதுதான்.

நான் கேஜைக் குறை சொல்ல மாட்டேன். சிஎஸ்ஐ வந்த காலத்தில் அந்தப் பொறுப்பில் இருந்த யாரும் கதவைச் சாத்தத்தான் செய்திருப்பார்கள். ஆனாலும் நிதானமாகப் பேசக்கூடியவர்கள் எல்லாம் வாய் மூடிக்கொண்டால், கேமராவைத் தேடிப் போகிறவர் மட்டுமே பேசுவார்; அவரையே உலகம் பிரதிநிதி என்று எடுத்துக்கொள்ளும். தவறாகச் சித்திரிக்கப்படும் எல்லா ரசிகர் கூட்டங்களும் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இது.

நீங்கள் பார்த்தது, அநேகமாக, 2020 ஜூலையில் யூடியூபில் இலவசமாக வெளியான ‘த ஃபேண்டம்’ படமாக இருக்கலாம். ஆஷ் கயோட்டி என்ற ஃபர்ரி எடுத்தது. மெர்லினோவும் ஓரைலியும் அதில் தங்கள் வாயாலேயே ஆரம்ப காலக் கதையைச் சொல்கிறார்கள். மெர்லினோ 2024இல் காலமாகிவிட்டார்; அவர் முகமும் குரலும் இப்படிப் பதிவாகியிருப்பதற்காகவே அந்தப் படத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். வீட்டில் ஏற்கப்படாத இளைஞர்களுக்கு இந்தக் கூட்டம் எப்படி அடைக்கலமானது என்பதை அது அழகாகச் சொல்கிறது. ஆனால் சொந்த வீட்டைப் பற்றிச் சொந்தப் பிள்ளை எடுத்த படம் அது. கடினமான கேள்விகளை அழுத்திக் கேட்காது. எல்லோரும் தங்கமானவர்களாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். உண்மையில் அங்கும் சண்டை, பொறாமை, ஏமாற்று எல்லாம் உண்டு.

இன்னொரு நிகழ்ச்சி, ஊடகங்களில் நல்ல விதமாகவே வந்தது. 2016 மார்ச்சில் கனடாவின் வான்கூவர் அருகே ஒரு விடுதியில் ஃபர்ரி மாநாடு ஏற்பாடாகியிருந்தது. அதே விடுதியில் சிரியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களும் தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களை மனதில் வைத்து நடந்துகொள்ளும்படி அமைப்பாளர்கள் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். போரிலிருந்து தப்பி வந்த குழந்தைகள் விடுதி முகப்பில் வண்ண வண்ண ஓநாய்களைக் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். அந்தப் படங்கள் உலகம் முழுவதும் போயின.

இப்போது பூனை மணலுக்கு வருகிறேன். 2021 டிசம்பரில் மிச்சிகன் மாநிலம் மிட்லாண்ட் நகரப் பள்ளி வாரியக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, விலங்காகத் தங்களை உணரும் மாணவர்களுக்காகக் கழிப்பறையில் பூனை மணல் பெட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார். அடுத்த மாதமே அந்தப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் அதில் துளியும் உண்மை இல்லை என்று அறிவித்தார். வதந்தி நிற்கவில்லை. 2022 மார்ச்சில் நெப்ராஸ்கா சட்டமன்ற உறுப்பினர் புரூஸ் போஸ்டல்மன் அவையிலேயே இதைப் பேசி, பொய் என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் பல வேட்பாளர்கள் இதைச் சொன்னார்கள். அமெரிக்காவின் பிரபல இணைய ஒலிபரப்பாளர் ஜோ ரோகன் தன் ஒலிபரப்பில் நண்பரின் மனைவி சொன்னதாகச் சொல்லி, பின்னர் தன்னிடம் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். செய்தி நிறுவனங்கள் தேடிப் பார்த்ததில் இப்படி ஒரு பள்ளிகூட அகப்படவில்லை. 2025இல் டெக்சாஸில் பள்ளிகளில் விலங்கு போல நடப்பதைத் தடைசெய்ய மசோதாவே கொண்டுவந்தார்கள்.

தேடியவர்களுக்குக் கிடைத்த ஒரே உண்மைத் தகவல் இது: கொலராடோவின் ஜெஃபர்சன் கவுண்டி பள்ளிகளில் வகுப்பறை அவசரப் பெட்டிகளில் பூனை மணல் கொஞ்சம் வைத்திருந்தார்கள். துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் குழந்தைகள் மணிக்கணக்கில் வகுப்பறையில் அடைபட்டுக் கிடக்க நேரும். அப்போது சிறுநீர் கழிக்க வாளியில் போடுவதற்காக. 1999இல் படுகொலை நடந்த கொலம்பைன் பள்ளி இருப்பது அதே மாவட்டத்தில்தான். குழந்தைகள் சுடப்படலாம் என்ற அச்சத்தில் வைத்த மணல் அது. அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் ஓநாய் வரையும் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கேலியின் இலக்கு, உடை போட்ட பெரியவர்கள். இப்போது உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள். இந்த மாற்றம் எனக்குப் பெரும் கவலை தருகிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. ‘த ஃபேண்டம்’ படத்தை மகளோடு சேர்ந்து பாருங்கள், இடையில் நிறுத்தி அவளிடம் கேளுங்கள். உங்களைவிட அவளுக்கு நிறையத் தெரிந்திருக்கும். ‘ஃபர்சோனாஸ்’ படத்தை நீங்கள் மட்டும் தனியாகப் பாருங்கள், அதில் வயது வந்தோருக்கான பேச்சு உண்டு. உறவினர் அனுப்பும் காணொளிகளில் எந்தப் பள்ளி, எந்த ஊர் என்று பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

மகள் எந்தத் தளத்தில் படங்களைப் போடுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபர்ரி ஓவியத் தளங்கள் சிலவற்றில் வயது வந்தோருக்கான பகுதி தனியாக இருக்கும். அப்படிப்பட்ட தளத்தில் அவளுடைய உண்மையான பிறந்த தேதி கொடுக்கப்பட்டிருந்தால் அது திறக்காமல் இருக்கலாம், ஆனால் எல்லாத் தளங்களிலும் அதை நம்பியிருக்க முடியாது. அந்த ஓர் அமைப்பை அவளோடு உட்கார்ந்து சரிபாருங்கள். முன்பின் தெரியாத பெரியவர்கள் தனியாகச் செய்தி அனுப்பினால் உங்களிடம் சொல்லும் அளவுக்கு அவளுக்குத் துணிச்சல் இருக்க வேண்டும். அவளுடைய ஓநாயைக் கேலி செய்யும் வீட்டில் அந்தத் துணிச்சல் வராது. யாராவது கமிஷன் கேட்டால் பணப் பரிமாற்றம் உங்கள் கணக்கு வழியாகவே நடக்கட்டும். மாநாட்டுக்குப் போக ஆசைப்பட்டால், பல மாநாடுகளில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் துணையோ எழுத்துமூல ஒப்புதலோ கேட்பார்கள். முதல் முறை நீங்களே கூடப் போங்கள். உடைகளைப் பார்த்து முடித்ததும் ஓவியர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குப் போய் நிதானமாக ஒரு மணி நேரம் சுற்றுங்கள். உங்கள் மகள் அதிக நேரம் நிற்கப்போவது அங்கேதான்.